31ஆம் நாளுக்கு இன்னும் 23 நாள்: அப்பாவின் நினைவு மலரை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:

அப்பா காலமாகி இன்று எட்டாம் நாள். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நினைவு மலர் வெளியிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் விருப்பம். அப்பா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து பொது முகாமையாளராக ஓய்வு பெற்றவர். ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு 19 வருடம் தலைவர். கோயில் பரிபாலன சபைச் செயலாளராக இருந்து, கணக்கு விடயத்தில் வந்த முரண்பாட்டால் 2004இல் விலகினார். நான்கு சகோதரங்களைக் கரைசேர்த்த பிறகு, 34 வயதில்தான் கலியாணம் செய்தார்.

அண்ணா கனடாவில், தங்கை லண்டனில், நான் அம்மாவோடு யாழ்ப்பாணத்தில். அண்ணா எழுதி அனுப்பிய வாழ்க்கை வரலாறு யாருடைய அப்பாவுக்கும் பொருந்தும் போல இருக்கிறது. அதில் '1940இல் பிறந்தார்', '1975இல் பிரதேச சபை உறுப்பினரானார்' என்று உள்ளது. ஆனால் அப்பாவின் அடையாள அட்டை இலக்கம் 41080 என்று தொடங்குகிறது. சாதகத்தில் விக்கிரம வருடம், பங்குனி மாதம். எது சரி? 1995 இடப்பெயர்வில் படங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் போய்விட்டன. அந்த இடப்பெயர்வில் அப்பா சங்கத்தின் பங்குப் பதிவேட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. சித்தப்பா 1990இல் காணாமல் போனவர். அவரை எப்படிப் போடுவது? கோயில் விடயத்தை எழுதலாமா?

— வாசகி ஒருவர், யாழ்ப்பாணம்

பதில்:

பிறந்த ஆண்டை முதலில் தீர்த்துவிடுவோம். அதில் பிழை விட்டால் வயது, வேலையில் சேர்ந்த வயது, கலியாண வயது எல்லாம் வரிசையாகப் பிழைக்கும்.

அடையாள அட்டையும் சாதகமும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த மூன்றோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். அம்மாவின் அட்டையைப் பார்த்தால் விளங்கும். அப்பாவுக்கு 41 என்றால் 1941, 080 என்றால் எண்பதாம் நாள். இங்கே ஒரு சுழி உண்டு. அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள். ஆகவே ஜனவரி 31, பெப்ரவரி 29, மிச்சம் 20: மார்ச் 20. 1941ஆம் ஆண்டுக் கலண்டரை வைத்து எண்ணினால் மார்ச் 21 வரும், அது பிழை. இனிச் சாதகம். விக்கிரம வருடம் 1940 சித்திரையில் தொடங்கி 1941 பங்குனியோடு முடிந்தது. பங்குனி அதன் கடைசி மாதம், மார்ச் 20 அதற்குள் அடங்கும். விக்கிரம என்று கண்டதும் அண்ணா 1940 என்று மாற்றிவிட்டார், அவ்வளவுதான். அந்தத் தலைமுறையில் பலருக்கு உத்தேச வயதுச் சான்றிதழை வைத்தே அடையாள அட்டை எடுத்திருப்பார்கள். அப்படியானவர்களின் அட்டையை மட்டும் நம்ப முடியாது. உங்களுக்குச் சாதகமும் ஒத்துவருகிறது. நேரமிருந்தால் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவின் பிரதி ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள். வராவிட்டாலும் 20.03.1941 என்று தைரியமாகப் போடலாம். அட்டை இலக்கத்தை மட்டும் மலரில் எந்த மூலையிலும் அச்சிட வேண்டாம்.

இறந்த திதியிலும் இதே பொறி இருக்கிறது. தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறும். 2025 பெப்ரவரியில் காலமானவருக்குக் குரோதி வருடம். புது வருடக் கலண்டர் சுவரில் தொங்குகிறதே என்று விசுவாவசு என்று போட்டால், இறந்த நாளைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பா முழுவதும் பிழை. திதி நடுநிசியில் மாறுவதில்லை, சூரிய உதயத்திலும் மாறுவதில்லை; எந்த மணிக்கும் மாறும். எனவே உயிர் பிரிந்த நேரத்தை ஆஸ்பத்திரித் துண்டில் இருந்தபடி மணி நிமிடத்தோடு எழுதி, கிரியை செய்த குருக்களிடம் கொடுத்துத் திதியைக் கேளுங்கள். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் கேட்டு, மலரில் ஒரு வரியில் குறித்துவிடுங்கள். இரண்டுக்கும் இடையில் சில மணி நேர வித்தியாசம் வரும். எல்லையில் இறந்தவருக்குத் திதியே மாறிப்போகும். ஐந்தாறு வருடம் கழித்துக் கனடாவில் திவசம் செய்யப்போகும் அண்ணாவுக்கு இந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் தொலைபேசியில் தகராறுதான்.

திதி வெண்பாவை எழுதுவிப்பது யாராயிருந்தாலும், வந்ததும் எண்ணிப் பாருங்கள். முதல் மூன்று அடியிலும் நான்கு நான்கு சீர், கடைசி அடியில் மூன்று: மொத்தம் 15. கடைசி அடியிலும் நான்கு சீர் இருந்தால் அது வெண்பா அல்ல; எழுதியவரிடம் திருப்பிக் கொடுக்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி, பெயர் ஐந்தும் உள்ளே வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அடியில் ஆங்கிலத் திகதியையும் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு வெண்பாவிலிருந்து நாளைப் பிரித்தெடுக்கத் தெரியாது.

அண்ணாவின் அடுத்த பிழை '1975இல் பிரதேச சபை'. பிரதேச சபைச் சட்டம் 1987இல்தான் வந்தது. 1975இல் ஊரில் இருந்தது கிராமச் சபை. அது 1981 வரை இருந்தது. எனவே அப்பா கிராமச் சபை அங்கத்தவராக இருந்திருக்க வேண்டும், அல்லது ஆண்டு பிழை. கிராமச் சபையா என்று அந்தக் காலத்து ஆட்கள் ஒருவரிடம் கேளுங்கள். இப்படியான காலப் பிழைகள் நினைவு மலர்களில் நிறைய. விதானைமார் முறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். இலங்கை என்ற பெயர் ஆங்கிலத்தில் சிலோன் என்பதிலிருந்து ஸ்ரீ லங்காவாக மாறியது 1972 மே 22இல். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 1957இல் தொடங்கி 1971இல் பெரிய சங்கங்களாக இணைக்கப்பட்டன. அப்பா சேர்ந்தது சிறிய சங்கம் ஒன்றிலாகவும் ஓய்வு பெற்றது இணைந்த பெரிய சங்கத்திலாகவும் இருக்கக்கூடும். சங்கத்தின் பெயரை எழுதுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வாழ்க்கை வரலாறு. மலரின் உயிர் இதுதான். மற்றதெல்லாம் அச்சகமே தயாராக வைத்திருக்கும்.

அண்ணாவின் எழுத்து யாருடைய அப்பாவுக்கும் பொருந்துகிறது என்றீர்கள். அதற்குக் காரணம் அதில் செய்ததைச் சொல்லும் வினைச்சொல் இல்லாததுதான். 'சிறந்த சமூக சேவகராகவும், பண்பாளராகவும், ஏழைகளின் தோழனாகவும் விளங்கினார்' என்றால் அவர் விளங்கியது மட்டும் தெரிகிறது, செய்தது தெரியவில்லை. அந்தப் பிரதியை எடுத்து 'விளங்கினார், திகழ்ந்தார், மிளிர்ந்தார்' என்று வரும் இடமெல்லாம் பேனையால் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்தில் 'என்ன செய்தார்? எப்போது? யாரோடு? எதை வைத்து?' என்று எழுதி அண்ணாவுக்கே திருப்பி அனுப்புங்கள். பதில் கிடைக்காத இடத்தில் அந்த வாக்கியத்தை வெட்டிவிடலாம்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: பங்குப் பதிவேடு. மலர் முழுவதிலும் பெரிய பத்தி அதுதான். அதை எழுத இன்னும் என்ன வேண்டும் என்று பாருங்கள். எத்தனை பதிவேடு? ஒன்றா, காசேடும் சேர்ந்தா? எதில் சுற்றினார்: உரச்சாக்கிலா, பொலித்தீனிலா? சைக்கிள் கரியரில் அம்மா ஏறவில்லையா? அப்படியென்றால் அம்மா நடந்தாரா? தென்மராட்சியில் எந்த வீட்டில் அதை வைத்திருந்தார்? திரும்பி வந்து யாரிடம் ஒப்படைத்தார்? பதிவேடு இன்னும் சங்கத்தில் இருக்கிறதா? விடைகள் வந்ததும் பத்தி ஏறக்குறைய இப்படி அமையும்:

'1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியபோது, அவருடைய சைக்கிள் கரியரில் இருந்தது வீட்டுச் சாமான் அல்ல. சங்கத்தின் இரண்டு பங்குப் பதிவேடுகளை உரச்சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தார். மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் நடந்தார்கள். 1996இல் ஊர் திரும்பியபோது சங்கக் கட்டடத்தில் கதவும் இல்லை, கடதாசியும் இல்லை. அந்த இரண்டு பதிவேட்டையும் வைத்துத்தான் அங்கத்தவர் பட்டியலை மறுபடி எழுதினார்கள்.'

சாக்கு, எண்ணிக்கை, கதவு எல்லாம் இங்கே உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் அம்மா சொல்வதைக்கொண்டு மாற்றுங்கள். 'கடமையுணர்வு' என்ற சொல் இதில் இல்லை, தேவையும் இல்லை. அம்மா நடந்தார் என்ற வரியை வெட்டாதீர்கள். ஊருக்காக ஓடிய மனிதரின் கடமையில் ஒரு பங்கை வீட்டில் இருந்தவர் சுமந்திருப்பார். பெரும்பாலான மலர்களில் அவருக்குக் கிடைப்பது 'இல்லத்தரசியாக உறுதுணையாக நின்றார்' என்ற ஒரே வரி. பதிவேடு இருந்தால், அப்பாவின் கையெழுத்துள்ள ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இந்தப் பத்திக்கு எதிரே போடுங்கள். அங்கத்தவர்களின் பெயரும் காசுத் தொகையும் படத்தில் வாசிக்கத் தெரியாமல் மறைத்துவிட வேண்டும்.

அம்மாவிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் அழுகைதான் வரும், அல்லது 'நல்ல மனுசன்' என்ற ஒரு சொல். பொருளைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் கேளுங்கள். விடிய எத்தனை மணிக்கு வெளிக்கிடுவார்? சம்பளத்தை யார் கையில் கொடுப்பார்? தங்கச்சிமாரின் கலியாணத்துக்கு எந்தக் காணியை ஈடு வைத்தார், எப்போது மீட்டார்? ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மேசையில் குப்புற வையுங்கள். கையில் பிடித்து நீட்டினால் பேச்சு வராது. சொன்ன ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் சொன்னவர் யார் என்று குறியுங்கள். நாளைக்கு மாமி வேறு ஆண்டு சொல்லும்போது யார் கண்ணால் கண்டவர், யார் கேள்விப்பட்டவர் என்று பார்த்துத் தீர்க்கலாம்.

ஊர்ப் பணிக்கு ஆட்களின் நினைவை விடக் கூட்டறிக்கைப் புத்தகம் மேல். சனசமூக நிலையத்தின் இப்போதைய செயலாளரிடம் கேட்டு, வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கைகளை மட்டும் புரட்டுங்கள். நிர்வாகத் தெரிவு அதில்தான் இருக்கும். '19 வருடம் தலைவர்' என்பது தொடர்ச்சியா, நடுவில் ஒருவர் இருந்தாரா என்பது அங்கே தெரியவரும். நடுவில் இருந்தவரை விழுங்கிவிட்டு 19 என்று போட்டால், அவருடைய பிள்ளைகள் அந்தியேட்டி வீட்டிலேயே மலரைப் புரட்டிப் பார்ப்பார்கள். பழைய புத்தகங்கள் இல்லாமல் போயிருந்தால் திறப்பு விழாக் கல், நிலைய மண்டபத்துச் சுவர்ப் படம், ஆண்டு விழா மலர், நன்கொடைப் பற்றுச்சீட்டு இவற்றைத் தேடுங்கள். ஒரு திட்டத்தை 'அவர் செய்தார்' என்று எழுதுமுன், அவர் தலைவராக இருந்தபோது நடந்ததா, அவரே முன்னின்று நடத்தியதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்கு 'அவர் தலைவராக இருந்த காலத்தில்' என்ற சொற்கள் போதும்.

கோயில் விடயத்தை எழுதுங்கள், ஆனால் ஒரே வாக்கியத்தில். 'இன்ன ஆண்டிலிருந்து 2004 வரை செயலாளராகப் பணியாற்றி, அவ்வாண்டு பதவி விலகினார்.' விலகிய பின்னும் திருவிழா உபயம் செய்திருந்தால் அதைச் சேருங்கள். காரணம் வேண்டாம், 'சிலரின் சூழ்ச்சியால்' வேண்டவே வேண்டாம். மலரில் குற்றஞ்சாட்டப்படுபவருக்கு அதே மலரில் பதில் சொல்ல இடமில்லை. அவரும் 31ஆம் நாள் உங்கள் முற்றத்தில் வந்து இருப்பார். நேர்மாறாக, விலகியதையே மறைத்து 'இறுதிவரை ஆலயப் பணி' என்று எழுதினால், ஊரில் விடயம் தெரிந்தவர்கள் மற்றப் பக்கங்களையும் நம்ப மாட்டார்கள்.

சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று யாரையும் கேளாமல் போடாதீர்கள். வம்சவரியை (குடும்பத் தலைமுறைப் பட்டியலை) தட்டச்சு செய்பவர்கள் பழைய தலைமுறை என்றால் கை போகிற போக்கில் அந்தச் சொல்லைப் போட்டுவிடுவார்கள். அச்சகம் திருத்தத்துக்குத் தரும் புரூப்பில் அதைத் தனியாகத் தேடிப் பாருங்கள். இதில் முடிவெடுக்க வேண்டியவர் சித்தி, அவர் இல்லாவிட்டால் பிள்ளைகள். தொலைபேசியில் இல்லாமல் நேரில் போய்க் கேளுங்கள். அடைமொழி எதுவும் இல்லாமல் பெயரை மட்டும் போடுவது ஒரு வழி. '1990இல் காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று அவர்களே போடச் சொன்னால் அப்படியே போடுங்கள். நீங்களாக இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டாம்.

வம்சவரியில்தான் மனத்தாங்கல் அதிகம் வரும். அப்பாவின் பெற்றோரிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். நான்கு தலைமுறைக்கு மேல் ஏ5 பக்கத்தில் வாசிக்க முடியாது. மருமக்கள், பெறாமக்கள், சகலர், மைத்துனிமார், சம்பந்திமார் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக எழுதி, அந்தக் கிளையில் மூத்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விடுபடுவது பெரும்பாலும் மூன்று வகை ஆட்கள்: சிறு வயதில் இறந்த பிள்ளைகள், முதல் தாரத்துப் பிள்ளைகள், குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். மூன்றாம் வகையையும் போட்டே ஆகவேண்டும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி இலக்கம் வேண்டாம். பெயரும் நாடும் போதும். அப்பாவின் முழுப் பெயரை ஓரிடத்திலாவது தலையெழுத்தை விரித்து எழுதுங்கள். ஒரே தலையெழுத்தும் ஒரே பெயரும் உள்ள மூன்று பேர் ஒரு ஊரில் இருப்பது புதுமையல்ல.

மற்றவர்களிடம் கட்டுரை கேட்கும்போது 'ஒரு அனுதாபச் செய்தி தாருங்கள்' என்று கேட்டால் 12 பேரும் 'ஆலமரம் சாய்ந்தது' என்றே எழுதுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி கொடுங்கள். சங்கத்தில் கீழே வேலை செய்தவரிடம்: அவர் கோபப்பட்டதை எப்போது கண்டீர்கள்? வாசிகசாலைக்கு வந்த பழைய பெடியனிடம்: உங்களுக்கு அவர் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். அளவு 200 சொல், அனுப்பவேண்டிய கடைசி நாள் 15ஆம் நாள் என்று சேர்த்தே சொல்லுங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். குருக்களின் ஆசியுரையை முதலில் வைத்து, மற்றவற்றை எழுதியவர் பெயரின் அகர வரிசையில் அடுக்கினால் 'என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள்' என்ற கதை எழாது. அப்பாவை நேரில் அறியாத அரசியல்வாதியின் செய்தியும் படமும் வந்தால் நன்றியோடு வாங்கி வைத்துவிடுங்கள், அச்சிட வேண்டியதில்லை.

பஞ்சபுராணம் இல்லாமல் மலர் இல்லை. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்ற வரிசையில் நான்கு பக்கம் போதும். அப்பா வழக்கமாகப் பாடும் பாடல்களையே தெரிந்தெடுங்கள். சில குடும்பங்கள் கவசம், தோத்திரம் என்று பாதி மலரை நிரப்புவது பக்கத்தைக் கூட்டுவதற்காக மட்டுமல்ல: சாமியறையில் இருக்கும் புத்தகத்தை யாரும் எறிய மாட்டார்கள் என்ற நியாயமும் உண்டு. உங்களிடம் சொல்வதற்கு வாழ்க்கை இருக்கிறது, பக்கத்தை அதற்குக் கொடுங்கள். பாடல்களை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் ஒற்று விடுபட்டிருக்கும். அச்சுப் புத்தகம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படங்கள் போய்விட்டன என்று கைவிட வேண்டாம். அப்பா மற்றவர்களின் கலியாண ஆல்பங்களில் நிற்பார். அவர் கரைசேர்த்த நான்கு சகோதரங்களின் வீட்டிலும் கேளுங்கள், வெளிநாட்டில் உள்ளவர்களிடம் முதலில் கேளுங்கள். போரில் தப்பிய படங்கள் பெரும்பாலும் கடல் கடந்தவைதான். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கான் செய்யும்போது 600 டிபிஐ. 3.5 × 4.5 செ.மீ. பாஸ்போட் அளவுப் படத்தை அப்படி எடுத்தால் 7 × 9 செ.மீ. வரை தெளிவாக அச்சிடலாம். முழுப் பக்கத்துக்கு வேண்டுமென்றால் 1200 டிபிஐயில் எடுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிப்போனதைப் பிய்க்காமல் ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கானரில் வையுங்கள். ஸ்ரூடியோக்காரர் கோட்டும் ரையும் பொருத்தித் தருகிறேன் என்பார். வேட்டியோடு வாழ்ந்தவருக்கு அது வேண்டாம். பழைய படத்தைக் 'கூர்மையாக்கும்' கைபேசிச் செயலிகள் கண்ணையும் வாயையும் புதிதாக வரைந்துவிடும். அட்டைப் படத்தை அம்மாவிடம் காட்டி 'இது அவர்தானா' என்று கேட்ட பிறகே அச்சகத்துக்குக் கொடுங்கள். கூட்டுப் படங்களுக்குப் பெயர் இடமிருந்து வலம்; தெரியாத முகத்துக்கு இடம் விட்டு 'பெயர் தெரியவில்லை' என்று போடுங்கள், தாண்டிப் போனால் அடுத்த பெயர்கள் எல்லாம் ஒரு முகம் தள்ளி விழும்.

பக்கக் கணக்கு. ஏ5 அளவில், 12 புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல். வாழ்க்கை வரலாறு 1,800 சொல் என்றால் ஒன்பது பக்கம்; அதற்குள் நாலைந்து படம் வந்தால் 12. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் மொத்தப் பக்கம் நான்கால் பிரிபட வேண்டும். 41 பக்கம் வந்தால் அச்சகம் 44 ஆக்கும்; அந்த மூன்று வெறும் பக்கத்தை என்ன செய்வதென்று கடைசி நாளில் முழிப்பதை விட, முதலிலேயே 40 அல்லது 44 என்று முடிவெடுங்கள். 64 பக்கத்தைத் தாண்டினால் பின் அடித்தது விரிந்து நிற்கும், ஒட்டுக்கட்டுக்குப் போகவேண்டும். உள்ளே 80 ஜிஎஸ்எம், அட்டை 250க்குக் குறையாமல். 70 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்கத்துப் படம் முன்பக்கத்தில் தெரியும்.

எழுத்துரு ஒரு தலையிடி. வீட்டில் யூனிகோட்டில் தட்டச்சு செய்வீர்கள், அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துரு வைத்திருக்கக்கூடும். மாற்றும்போது கொம்பு முன்பின்னாகப் போகும், ஸ்ரீ போன்ற எழுத்துகள் சிதையும், ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் மின்னஞ்சல்களும் தமிழ்க் குப்பையாக மாறும். முழுப் பிரதியையும் கொடுக்குமுன் ஒரு பக்கத்தை அனுப்பி, மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். யூனிகோட்டிலேயே பக்கம் அமைக்கும் அச்சகம் கிடைத்தால் அதையே பிடியுங்கள்.

நாட்களை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 15ஆம் நாளோடு சேகரிப்பு முடிவு, 19ஆம் நாள் பிரதி அச்சகத்தில், 22இல் முதல் புரூப், 25இல் கடைசிப் புரூப், 29இல் புத்தகம் வீட்டில். 25க்குப் பிறகு வருகிற கட்டுரை யாருடையதாக இருந்தாலும் இல்லை என்று சொல்லும் ஆள் ஒருவர் வேண்டும்; அது நீங்களாக இல்லாமல் அண்ணாவாக இருக்கட்டும், தூரத்தில் இருப்பவருக்கு மறுப்பது சுலபம். புரூப்பை மூன்று பேர் பார்க்கவேண்டும், ஒரே வேலையை அல்ல. ஒருவர் பெயர்களை மட்டும், ஒருவர் எண்களையும் திகதிகளையும் மட்டும், மூன்றாமவர் வசனத்தை. எல்லாவற்றையும் ஒருவரே பார்த்தால், தெரிந்த பெயரைக் கண் சரியாகவே வாசித்துவிட்டுப் போகும். முன்னட்டையையும் திதி வெண்பாவையும் மூன்று பேருமே பார்க்கட்டும். பிழை அதிகம் தப்புவது பெரிய எழுத்தில்தான்.

பிரதிகளை ஆளுக்கு என்று எண்ணாதீர்கள், வீட்டுக்கு ஒன்று என்று எண்ணுங்கள். அதற்கு மேல் 30 கூட அடியுங்கள். இரண்டு வாசிகசாலைக்கு, ஒன்று அப்பா படித்த பள்ளிக்கூட நூலகத்துக்கு, ஒன்று சங்கத்துக்கு. அச்சகத்திலிருந்து கடைசி பிடிஎஃப்பையும் தட்டச்சுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். சில மாதத்தில் அழித்துவிடுவார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் நம்மவர்களின் நினைவு மலர்களை எண்ணிமப்படுத்திச் சேர்த்து வருகிறது. குடும்பத்தில் எல்லோருக்கும் சம்மதமென்றால் அங்கேயும் அனுப்புங்கள். அங்கே போனால் யாரும் வாசிக்கலாம் என்பதை மனத்தில் வைத்து வம்சவரிப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

இன்றைக்கே தொடங்குவதானால் அண்ணாவின் பிரதியைத் திருத்த இருக்காதீர்கள். அப்பாவின் சகோதரங்களில் இப்போது மூத்தவர் யாரோ அவரைக் கூப்பிடுங்கள். அப்பா கலியாணம் செய்யாமல் காத்திருந்த அந்த வருடங்களில் வீட்டில் யார் யாருக்கு என்ன நடந்தது என்று வருடம் வருடமாகச் சொல்லச் சொல்லுங்கள், ஒலிப்பதிவு ஓடட்டும். அவருக்கு வயது கூட. 15ஆம் நாள் வரை அவரை வைத்திருக்க வேண்டாம்.